பாட்டுக்கு மார்க்கா, கண்ணீருக்கு மார்க்கா?

போன மாதம் ஒரு சாயங்காலம். விளக்கேற்றிவிட்டு, ராத்திரி சமையலுக்குக் கறிகாய் நறுக்க உட்கார்ந்திருந்தேன். கீழ்ப் போர்ஷனில் குடியிருக்கும் பெண் மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். கையில் செல்போன். முகத்தில் பாதி சந்தோஷம், பாதி குழப்பம்.

"மாமி, குட்டிக்குப் பாட்டுப் போட்டி விண்ணப்பம் வந்திருக்கு. டி.வி.யில! பேரு, வயசு, எத்தனை வருஷமாக் கத்துக்கறா, எல்லாம் சரி. ஆனா இந்தக் கேள்வியை மட்டும் கொஞ்சம் பாருங்களேன்."

மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தேன். 'உங்கள் குடும்பம் சந்தித்த சோதனைகளையும் இழப்புகளையும் பற்றி விரிவாக எழுதவும்' என்று இருந்தது. எழுதுவதற்கு இடமும் தாராளமாக விட்டிருந்தார்கள். பாட்டைப் பற்றிக் கேட்ட கேள்விக்குக்கூட அவ்வளவு இடம் இல்லை!

"பாட்டுப் போட்டிக்கு இது எதுக்கு மாமி? எழுதலைன்னா எடுக்க மாட்டாங்களோ?"

எனக்குச் சுரீர் என்றது. இந்தக் கேள்வியை நான் 2011-ல் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதனால் என்ன ஆயிற்று என்பதை இதுவரை வெளியே யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த தப்பு

அப்போது என் பெண்ணுக்குப் பதினோரு வயது. ஐந்து வயதிலிருந்து பாட்டு. சொல்லிக் கொடுத்தது என் மாமியார். அடுக்களையில் அரிசி களைந்துகொண்டே ஸ்வரம் சொல்லுவார். இவள் மேடையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே திருப்பிச் சொல்லுவாள். அந்த வருஷம்தான் மாமியார் காலமானார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஒரு டி.வி. பாட்டுப் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தி.நகரில் ஒரு மண்டபத்துக்கு இவளை அழைத்துக்கொண்டு போனேன்.

விடியற்காலை ஐந்து மணிக்கே வரிசை. இட்லியும் மோரும் கட்டிக்கொண்டு போயிருந்தோம். பகல் இரண்டு மணிக்குத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். ஒரு நிமிஷம்கூடப் பாடியிருக்க மாட்டாள், "போதும்மா" என்றார்கள். வெளியே வந்ததும் காதில் ஹெட்போன் மாட்டிய ஒரு பெண், மிகவும் அன்பாகத்தான், "யார்கிட்ட பாட்டு கத்துக்கிட்டே?" என்று கேட்டாள். "பாட்டிகிட்ட" என்றாள் இவள். "பாட்டி வந்திருக்காங்களா?"

பிறகு கேட்க வேண்டுமா! காமிரா வந்துவிட்டது. "பாட்டி இப்போ இருந்தா என்ன சொல்லுவாங்க? அவங்களை நினைச்சு ஒரு தடவை சொல்லும்மா" என்றாள். குழந்தை திணறி, என் முகத்தைப் பார்த்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "சொல்லேன்டி" என்று முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினேன். அவள் அழுதாள். காமிரா இன்னும் கிட்டே போயிற்று. அடுத்த சுற்றுக்கு அவளை எடுக்கவில்லை.

அன்று ராத்திரி படுத்துக்கொண்டே கேட்டாள்: "அம்மா, நான் நன்னாப் பாடலையா, நன்னா அழலையா?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்கப்புறம் ஏழெட்டு மாதம் அந்தக் குழந்தை பாடவே இல்லை. இத்தனைக்கும் அங்கே யாரும் அவளைத் திட்டவில்லை, மிரட்டவில்லை. எது போட்டி, எது காட்சி என்று எனக்குத் தெரியாததுதான் கோளாறு. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இத்தனை வருஷமாகப் படித்தும் பார்த்தும் விசாரித்தும் வருகிறேன்.

மாட வீதிக் கோலமும் வாசல் கோலமும்

பாட்டுப் போட்டி, சமையல் போட்டி, 'பிக் பாஸ்' எல்லாவற்றையும் இப்போது 'ரியாலிட்டி ஷோ' என்ற ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். உண்மையில் அதற்குள் இரண்டு வெவ்வேறு சரக்கு இருக்கிறது.

ஜனவரியில் மயிலாப்பூர் திருவிழாவின்போது வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி நடக்குமே, பார்த்திருக்கிறீர்களா? எல்லோருக்கும் ஒரே அளவு இடம், ஒரே நேரக் கெடு. நீங்கள் யார், உங்கள் நாத்தனார் எப்படி, வீட்டில் கடன் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. புள்ளி சரியாக இருக்கிறதா, இழை பிசகாமல் வந்திருக்கிறதா, அவ்வளவுதான். இது போட்டி.

நீங்கள் பாட்டுக்கு உங்கள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். முந்தானையை எப்படிச் செருகியிருக்கிறீர்கள், பால்காரரிடம் எந்தக் குரலில் பேசினீர்கள், உள்ளேயிருந்து கணவர் கத்தினதும் முகம் எப்படிப் போயிற்று என்றெல்லாம் கவனிக்கிறார். கோலத்தை மட்டும் பார்க்கவில்லை! இது ரியாலிட்டி.

எது எந்த வகை என்று கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் சுலபமான சோதனை ஒன்று உண்டு. காமிராவை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? பாட்டுப் போட்டியில் காமிரா இல்லாவிட்டாலும் பாட்டு மிஞ்சும், ஜெயித்தவர், தோற்றவர் மிஞ்சுவார்கள். பிக் பாஸ் வீட்டில் காமிராவை எடுத்துவிட்டால், யாரோ பத்துப் பதினைந்து பேர் ஒரு வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

ரேடியோவில் தொடங்கிய கதை

தமிழ் வீடுகளுக்குப் போட்டி நிகழ்ச்சி புதிதல்ல. பி.எச். அப்துல் ஹமீது நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' முதலில் இலங்கை வானொலியில் வந்தது. பிறகு சன் டி.வி.க்கும் வந்தது. கொடுத்த எழுத்தில் பாட்டுப் பாட வேண்டும். பாடினால் பரிசு, திணறினால் மணி அடித்துவிடும். ஏ.வி. ரமணன் நடத்திய 'சப்தஸ்வரங்கள்' வந்தால் எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் சானல் மாறாது. 2000-ல் சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரன்' வந்தது. இவற்றிலெல்லாம் வந்தவர்களுடைய ஊரும் தொழிலும் தெரிந்ததே தவிர, வீட்டுத் துக்கம் தெரிந்ததில்லை.

2006-ல் விஜய் டி.வி.யில் 'சூப்பர் சிங்கர்' தொடங்கியது. குழந்தைகளுக்கான 'ஜூனியர்' அதைத் தொடர்ந்து வந்தது. அடிப்படையில் இது சுத்தமான போட்டிதான். ஆனால் வாரக்கணக்கில் நீண்டு போகும் போட்டி. பாட்டு ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். மீதி நேரத்துக்கு என்ன காட்டுவது? அங்கேதான் குடும்பம் வந்தது. மேடைக்குக் கீழே கைகூப்பிக்கொண்டு நிற்கும் அம்மா, ஊரிலிருந்து திடீரென்று வந்து இறங்கும் அப்பா, முடிவு சொல்வதற்கு முன்னால் நெஞ்சைப் பிசையும் வயலின்... போட்டி என்னும் சாதத்தில் ரியாலிட்டி என்னும் குழம்பு கலந்தது இப்படித்தான்.

2019-ல் வந்த 'குக்கு வித் கோமாளி'யைப் பாருங்கள். சமைக்கத் தெரிந்தவருக்குச் சமைக்கத் தெரியாத கோமாளியைத் துணை சேர்த்துவிடுகிறார்கள். நடுவர் ருசி பார்த்து மார்க் போடுவது போட்டி. நடுவில் நடக்கும் அமளிதான் நாம் பார்ப்பது. யாருடைய துக்கத்தையும் கிளறாமல் சிரிக்க வைத்ததால்தானோ என்னவோ, எங்கள் தெருவில் குழந்தை முதல் கிழம் வரை பார்த்தார்கள்!

அமெரிக்கப் பாடம்

வித்தியாசத்தின் வேரைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அமெரிக்கா வரை போய்வர வேண்டும். 1956-ல் அங்கே 'ட்வென்ட்டி ஒன்' என்ற வினாடி வினாவைத் தேசமே உட்கார்ந்து பார்த்தது. ஸ்டெம்பெல் என்பவர் ஜெயித்துக்கொண்டே வந்தார். பார்க்க லட்சணமான, பெரிய குடும்பத்துக் கல்லூரி ஆசிரியர் வான் டோரன் ஜெயித்தால் இன்னும் நிறையப் பேர் பார்ப்பார்கள் என்று தயாரிப்பாளர்களுக்குத் தோன்றியது. ஸ்டெம்பெலைத் தப்பாகப் பதில் சொல்லச் சொன்னார்கள். வான் டோரனுக்கு விடைகளை முன்னாலேயே கொடுத்தார்கள். 1959-ல் அவரே நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். தேசமே கொதித்தது. 1960-ல் சட்டம் வந்தது: அறிவாலோ திறமையாலோ அதிர்ஷ்டத்தாலோ ஜெயிக்கும் போட்டி என்று சொல்லி ஒளிபரப்பினால், அதில் தில்லுமுல்லு செய்வது குற்றம்.

இங்கிலாந்திலும் அப்படித்தான். கோடீஸ்வரனுக்கெல்லாம் மூலமான அந்த ஊர் நிகழ்ச்சியில் 2001-ல் ஒரு ராணுவ மேஜர் பத்து லட்சம் பவுண்டு ஜெயித்தார். சரியான விடை வரும்போது இருமல் சத்தம்! 2003-ல் கோர்ட் அவரையும் அவர் மனைவியையும் இருமினவரையும் குற்றவாளிகள் என்று தீர்த்தது. இருமினதற்குத் தண்டனை என்றால் சிரிப்பாக இருக்கிறது, ஆனால் நியாயம்தான். போட்டி என்றால் விதியும் நம்பிக்கையும் முக்கியம்.

ரியாலிட்டியின் கதை வேறு. 1973-ல் அமெரிக்காவில் 'ஆன் அமெரிக்கன் ஃபேமிலி' என்று ஒரு தொடர் வந்தது. கலிஃபோர்னியாவில் ஒரு நிஜக் குடும்பத்துக்குள் மாதக்கணக்கில் காமிராவோடு இருந்து, சுமார் 300 மணி நேரம் படம் பிடித்து, 12 பகுதிகளாகக் காட்டினார்கள். அந்த வீட்டு மனைவி கணவரிடம் விவாகரத்து கேட்டதுவரை ஊரே பார்த்தது. 'எங்களை மோசமாகத் தெரிகிற மாதிரி வெட்டி ஒட்டிவிட்டார்கள்' என்று அந்தக் குடும்பம் குறைப்பட்டது. பரிசும் இல்லை, நடுவரும் இல்லை. வாழ்க்கைதான் சரக்கு.

1999-ல் நெதர்லாந்தில் 'பிக் பிரதர்' பிறந்தது. அதன் வாரிசான 'பிக் பாஸ்' ஹிந்தியில் 2006-ல் வந்தது; தமிழில் 2017-ல் கமல்ஹாசன் தொகுத்து வழங்க விஜய் டி.வி.யில் வந்தது. 2024-லிருந்து அந்த இடத்துக்கு விஜய் சேதுபதி வந்தார். நம் பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம் பக்கம் போட்ட செட்தான் அந்த வீடு. உள்ளே கடிகாரம் கிடையாது, போன் கிடையாது, செய்தித்தாள் கிடையாது. பொய் சொல்வதும் இரகசியம் காப்பதும் அங்கே குற்றமல்ல. சில சமயம் அதுவே கொடுத்த வேலை!

என் பெரியம்மாவுக்கு எண்பது வயது, அடையாறு காந்தி நகரில் இருக்கிறார். ஒரு நாள் விடாமல் பார்ப்பார். "என்ன பெரியம்மா இருக்கு அதுல?" என்று கேட்டேன். "போடி! கூட்டுக் குடும்பத்துல இருந்தவளுக்குத்தான் தெரியும். ஒரு அடுப்பு, பதினஞ்சு பேர், வெளியில போக வழி கிடையாது. நான் முப்பது வருஷம் இருந்தேன், எனக்கு யாரு ஓட்டுப் போட்டா?" என்றார். அவ்வளவுதான், அதற்குமேல் எனக்கு வாயில்லை.

336 மணியில் ஒரு மணி

பார்ப்பதில் தப்பில்லை. எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து பார்க்க வேண்டும். வீட்டில் 14 பேர் இருந்தால் ஒரு நாளைக்கு 14 தடவை 24, அதாவது 336 மணி நேர வாழ்க்கை நடக்கிறது. நமக்கு வருவது ஒரு மணி, ஒன்றரை மணி. எதை எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கிறவர் படத்தொகுப்பு அறையில் இருக்கிறார். ஒருவர் நாள் முழுக்கச் சிரித்துவிட்டு ஒரு தடவை முகம் சுளித்தால், அந்தச் சுளிப்பே அன்றைய அவராகிவிடும். நம்மை யாராவது ஒரு நாள் முழுக்கப் படம் பிடித்து, கேஸ் தீர்ந்துபோன பத்து நிமிஷத்தை மட்டும் காட்டினால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்!

இன்னொன்று, ஓட்டு. 2017-ல் ஓவியா நடுவிலேயே வெளியே வந்தபோது ஊரே அவரைப் பற்றித்தான் பேசியது. கடைசியில் பட்டம் ஆரவுக்கு. இதில் யார் 'திறமைசாலி' என்று கேட்டால் என்ன பதில்? மனசுக்குப் பிடித்திருக்கிறதா, இல்லையா என்பதுதான் அங்கே அளவு. பாட்டுப் போட்டியிலும் கடைசிச் சுற்றில் மக்கள் ஓட்டு வரும்போது இந்த அளவு உள்ளே நுழைந்துவிடுகிறது. தோற்ற குழந்தையிடம், "உன் பாட்டு குறைச்சல் இல்லேடா கண்ணா, ஓட்டு குறைச்சல்" என்று எடுத்துச் சொல்ல வேண்டியது நாம்தான்.

போட்டியே இல்லாத ரியாலிட்டியும் நம் வீட்டுக்கு வந்ததுண்டு. ஜீ தமிழில் வந்த 'சொல்வதெல்லாம் உண்மை'யில் கணவன் மனைவி சண்டை, மாமியார் மருமகள் வழக்கு எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் நடந்தது. 2018-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. குடும்ப அந்தரங்கம் நாலு சுவருக்குள்தான் இருக்க வேண்டும் என்று நம் பாட்டிமார் சொன்னதைக் கோர்ட்டும் காதில் வாங்கியிருக்கிறது!

கதையும் இருக்கலாம், கணக்கும் இருக்கலாம்

சொந்தக் கதையே வரக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 2020 ஜனவரியில், ராதிகா நடத்திய 'கோடீஸ்வரி'யில் மதுரையைச் சேர்ந்த கௌசல்யா கார்த்திகா ஒரு கோடி ரூபாய் வென்றார். காது கேளாத, வாய் பேச இயலாத பெண். அவருடைய கதையைக் கேட்டு எல்லோர் கண்ணும் நனைந்தது. ஆனால் பணத்தை வாங்கிக் கொடுத்தது கண்ணீர் அல்ல, அவர் சொன்ன விடைகள். கதையை எடுத்துவிட்டாலும் விடை சரியாகவே இருக்கும். 2018-ல் சூப்பர் சிங்கர் பட்டம் வென்ற செந்தில் கணேஷ் நாட்டுப்புறப் பாட்டைக் கொண்டுவந்தார். அவரும் மனைவி ராஜலட்சுமியும் அதே மேடையில் பாடினார்கள். அவர்களுடைய வாழ்க்கையும் தெரிந்தது; பாட்டும் நின்றது.

ஆகவே, கதை பாட்டுக்குத் துணையாக வந்தால் சரி. பாட்டு கதைக்குத் துணையாக ஆகிவிட்டால்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

குழந்தையை அனுப்பும் முன்...

2008-ல் கொல்கத்தாவில் ஒரு பதினாறு வயதுப் பெண், டி.வி. நடனப் போட்டியில் நடுவர்கள் கடுமையாகப் பேசியதைக் கேட்ட பின், பேச்சும் நடமாட்டமும் நின்று படுத்துவிட்டாள். பெங்களூர் நிம்ஹான்ஸ் வரை கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள். காரணம் அது ஒன்றுதானா என்பது டாக்டர்கள் விஷயம். தேசமே அன்றுதான், 'குழந்தைகளை இப்படி நிறுத்தலாமா?' என்று யோசித்தது.

இன்றைக்குச் சட்டம் கொஞ்சம் நம் பக்கம் இருக்கிறது. 14 வயது நிறையாத குழந்தைகளை இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் ஈடுபடுத்த 2017-ல் வந்த மத்திய அரசு விதிகள் என்ன சொல்கின்றன என்று ஒவ்வொரு தாயும் தெரிந்துகொள்ள வேண்டும்:

• மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதி தயாரிப்பாளரிடம் இருக்க வேண்டும்.

• ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. இடைவெளி விடாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது.

• தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் கூடாது. பள்ளிப் படிப்பு கெடாமல் ஏற்பாடு செய்ய வேண்டும்.

• ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர் வீதம், பார்த்துக்கொள்ளப் பொறுப்பான ஆள் வேண்டும்.

• சம்பாத்தியத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரிலேயே வங்கியில் வைப்பு நிதியாகப் போட வேண்டும்.

• குழந்தையின் விருப்பத்துக்கு விரோதமாக எதிலும் ஈடுபடுத்தக் கூடாது.

கடைசியாகச் சொன்னதை இன்னொரு தடவை படியுங்கள். 'சொல்லேன்டி' என்று முதுகில் கை வைத்துத் தள்ளிய என்னைப் போன்றவர்களுக்கும் சேர்த்துத்தான் அது என்று எனக்குப் படுகிறது. 2019 ஜூனில், நடன நிகழ்ச்சிகளில் குழந்தைகளை வயதுக்குப் பொருந்தாத விதத்தில் காட்ட வேண்டாம் என்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகமும் தனியார் சானல்களுக்கு அறிவுறுத்தியது.

பரிசுப் பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. போட்டியானாலும் ரியாலிட்டியானாலும் வருமான வரிக்கு எல்லாம் ஒன்றுதான்! டி.வி. நிகழ்ச்சியில் போட்டியிட்டு வெல்லும் பரிசுக்கு 30 சதவீதம் வரி, அதன்மேல் செஸ் வேறு. 10,000 ரூபாயைத் தாண்டினாலே வரியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். காராகக் கொடுத்தாலும் வரி கட்டியாக வேண்டும். 'லட்ச ரூபாய் வந்தது' என்றால் கைக்கு வருவது எழுபதாயிரத்துச் சொச்சம்கூட இல்லை. செஸ் போக அதற்கும் கொஞ்சம் கீழே. அதற்குத் தகுந்தாற்போல் மனக்கணக்குப் போடுங்கள்.

கையெழுத்துப் போடுமுன் இவற்றையும் கேட்டுவிடுங்கள்: பாடியதும் பேசியதும் எத்தனை நாள் அவர்களுக்குச் சொந்தம்? வேறு மேடையில் பாடத் தடை உண்டா? நடுவில் விலகினால் நாம் பணம் கட்ட வேண்டுமா? வீட்டுக்கு வந்து படம் பிடிப்பார்களா? எந்த விஷயத்தைப் பேச மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லலாமா? கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்படாதீர்கள். கேட்டதற்கே கோபித்துக்கொள்ளும் இடத்தில் குழந்தையை எப்படி விடுவது?

வீட்டிலேயே ஒரு விளையாட்டு

குழந்தைகளோடு சேர்ந்து இந்த நிகழ்ச்சிகளைப் பார்க்கும்போது நான் ஒரு விளையாட்டு வைத்துக்கொள்வதுண்டு. நீங்களும் செய்து பாருங்கள். சோக வயலின் எப்போது ஆரம்பிக்கிறது என்று முதலில் சொல்கிறவருக்கு ஒரு மார்க். நடுவர் கண் துடைக்கும் அதே காட்சி மறுபடி வந்தால் கண்டுபிடித்தவருக்கு இரண்டு மார்க். "இவர் தனியா அழறாரே, அப்போ காமிராவைப் பிடிச்சிண்டிருக்கறது யாரு?" என்று கேட்டவருக்கு ஐந்து மார்க்! நாலு வாரத்தில் வாண்டுகள் பெரிய நிபுணர்கள் ஆகிவிடுவார்கள். அப்புறம் எந்த நிகழ்ச்சியைப் பார்த்தாலும் பயமில்லை.

சரி, கீழ்ப் போர்ஷன் பெண்ணுக்கு என்ன சொன்னேன்? "விண்ணப்பம் போடு. குட்டி நன்னாப் பாடறா, பாடட்டும். ஆனா அந்தக் கேள்விக்கு என்ன எழுதறதுன்னு குட்டியையே கேளு" என்றேன்.

மறுநாள் சிரித்துக்கொண்டே வந்து காட்டினாள். ஒன்பது வயதுக் குட்டி தானே சொல்லி எழுத வைத்திருந்தது: 'இந்த வருஷம் கணக்கில் 42 மார்க். வேறு சோதனை ஒன்றும் இல்லை.'

அப்படியே அனுப்பிவிட்டார்கள். இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் செவ்வாயும் வெள்ளியும் அது பாட்டு வகுப்புக்குப் போகத்தான் போகிறது.

என் பெண்ணா? கல்யாணமாகி, அடையாறில்தான் இருக்கிறாள். எங்கேயும் மேடையேறவில்லை. ஆனால் ஏழெட்டு மாதம் மூடியிருந்த வாய், ஒரு நாள் அரிசி களையும்போது தானாகத் திறந்தது. நான் அடுத்த அறையில் மூச்சு விடாமல் நின்று கேட்டேன். உள்ளே போகவில்லை. யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயம்!